வெண்புள்ளியும் வெயில்தடுப்புக் களிம்பும்

வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அழிவதால் ஏற்படும் நிறமிழப்பு ஆகும். வெண்படை, விட்டிலிகோ, லூக்கோடெர்மா ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தச் செல்களையே தாக்குவது இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ பரவாது. உலக மக்கள்தொகையில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

மெலனின் என்ற நிறமி தோலுக்கு அழகுக்காக அமைந்ததன்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கும் செல்களைக் காப்பதே அதன் வேலை. நிறமி இல்லாத இடம் குடை இல்லாத தலையைப் போன்றது. எனவே வெண்புள்ளி உள்ளவர்களின் முகத்துக்கு வெயில்தடுப்புக் களிம்பு (சன்ஸ்கிரீன்) இன்று தோல் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இந்த அறிவுரை மிகவும் புதியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நோய்க்கு மருந்தாகச் சொல்லப்பட்டதே வெயில்தான். காட்டச் சொன்ன வெயிலை மறைக்கச் சொல்லும் நிலை எப்படி வந்தது என்பதும், திண்டுக்கல் போன்ற வெயில் மிகுந்த சமவெளியில் அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு எளிது அல்லது கடினம் என்பதும் இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றன.

பெயரும் பழியும்

சங்க இலக்கியத்தில் பெண்களின் மேனியில் படரும் வெளிர்ந்த புள்ளிகள் சுணங்கு, திதலை, தித்தி எனப் பெயரிட்டு அழகின் அடையாளமாகப் பாடப்பட்டுள்ளன. அவை வெண்புள்ளி அல்ல. ஆனாலும் தோலில் நிறம் மாறிய இடத்தைக் கண்டால் முகம் சுளிப்பது தமிழரின் பழைய வழக்கம் என்று சொல்ல முடியாது என்பதற்கு அவை ஒரு சான்று.

பழி வந்தது பெயரின் வழியாக. தொழுநோய்க்கு வழங்கிய குட்டம், குஷ்டம் என்ற சொல்லோடு வெண்மையைச் சேர்த்து வெண்குட்டம், வெண்குஷ்டம் என்று பேச்சில் வழங்கினர். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருந்தது. அங்கும் இதை வெள்ளைத் தொழுநோய் என்றே குறித்தார்கள். பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வையற்றோர், காது கேளாதோர், மனநோயாளர், தொழுநோயாளர் ஆகியோரைத் தனியே குறிக்கும் வழக்கம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்புகளில், தசையை அரிக்கும் தொழுநோய் உள்ளவர்களை மட்டுமே எழுத வேண்டும், வெள்ளைத் தொழுநோய் மட்டும் உள்ளவர்களை எழுதக் கூடாது என்று கணக்கெடுப்பாளர்களுக்குக் கட்டளை தரப்பட்டது. இப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது என்பதிலிருந்தே, மக்களும் கணக்கெடுக்க வந்தவர்களும் இரண்டையும் ஒன்றாகக் கருதினார்கள் என்பது புலப்படும்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. தொழுநோயின் வெளிர்ந்த தேமலில் உணர்ச்சி குறையும். தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. வெண்புள்ளியில் உணர்ச்சி மாறாது. தொழுநோய்ப் புள்ளி மங்கலாக இருக்கும். வெண்புள்ளி பால்போல வெளுத்து, ஓரம் தெளிவாக இருக்கும். சாதாரணத் தேமல் பூஞ்சையால் வருவது. இவ்வளவு வேறுபாடு இருந்தும் பெயர் ஒன்றாக இருந்த காரணத்தால் ஒரு நோயின் அச்சம் மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் சொன்ன நோய் வேறு. ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் குஷ்டம் என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால் சட்டப் புத்தகத்தை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வெண்குஷ்டம் என்ற சொல்லை விலக்கி, வெண்புள்ளிகள் என்றே குறிக்க வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் விழிப்புணர்வு இயக்கங்களால் எழுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. சித்த மருத்துவத்தில் வெண்படை என்ற பெயரே நிலைத்துள்ளது. உலக வெண்புள்ளி நாள் 2011 முதல் ஜூன் 25 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. வெண்புள்ளி இருந்த பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009இல் மறைந்த நாள் அது.

வெயிலே மருந்தாக இருந்த காலம்

அதர்வ வேதத்தின் முதல் காண்டத்தில் தோலின் வெண்மையைப் போக்கும்படி ஒரு கரிய மூலிகையை வேண்டும் பாடல்கள் உள்ளன. பிற்கால ஆயுர்வேத நூல்கள் சுவித்திரம் என்ற பெயரில் இந்நோயைக் குறித்து, பாகுசி என்ற செடியின் விதையை மருந்தாகக் கூறுகின்றன. பாகுசிதான் தமிழில் கார்போகரிசி. நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் சிறிய கரிய விதை இது. விதையை உண்டோ அரைத்துப் பூசியோ வெயிலில் இருக்கச் செய்வது வைத்திய முறை. வெயில் இல்லாமல் இந்த மருந்து வேலை செய்யாது என்பதை அக்கால வைத்தியர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

எகிப்திலும் இதே அறிவு தனியாக வளர்ந்தது. நைல் ஆற்றங்கரையில் விளையும் அம்மி மாஜுஸ் என்ற செடியின் விதையை உண்டு வெயிலில் அமரும் முறையை 13ஆம் நூற்றாண்டு அரபு மருந்தியல் அறிஞர் இபின் அல் பைத்தார் எழுதிவைத்துள்ளார். இரு நாட்டிலும் செடி வேறு, குடும்பம் வேறு. உள்ளே இருந்த வேதிப்பொருள் வகை மட்டும் ஒன்றே.

கார்போகரிசியை நவீன முறையில் ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ராம்நாத் சோப்ரா. 1920களில் அவர் இவ்விதையின் எண்ணெயை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி ஆய்வு செய்தார். 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் இவ்விதையிலிருந்து சோராலென் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1940களில் கெய்ரோவில் அப்துல் மோனெம் எல் மோஃப்டி எகிப்தியச் செடியிலிருந்து பிரித்த சோராலென் வகையை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். 1974இல் அமெரிக்காவில் சோராலென் மாத்திரையையும் புற ஊதா ஏ கதிர் விளக்கையும் இணைத்த பூவா சிகிச்சை சொரியாசிஸ் நோய்க்கு அறிமுகமானது. வெண்புள்ளிக்கும் அது பரவியது.

இந்தியாவில் அந்த விளக்குப் பெட்டி எல்லா ஊருக்கும் வர இயலவில்லை. ஆனால் வெயில் எல்லா ஊரிலும் இலவசமாகக் கிடைத்தது. சோராலென் மாத்திரை தந்து, குறித்த நேரம் கழித்துச் சில நிமிடங்கள் மட்டும் வெயிலில் நிற்கச் சொல்லும் முறைக்குப் பூவாசோல் என்று பெயர் வந்தது. பழைய கார்போகரிசி வைத்தியம் மாத்திரை வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

வெயில்தடுப்புக் களிம்புக்கு வெண்புள்ளிச் சிகிச்சையில் கட்டாயமான இடம் கிடைத்தது இங்கேதான். சோராலென் உடலில் இருக்கும்போது தோல் வெயிலுக்கு மிகவும் கூச்சமுடையதாக இருக்கும். ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னதை அரை மணி நேரமாக்கினால் சீக்கிரம் குணமாகும் என்று எண்ணி நின்றவர்களுக்குக் கொப்புளம் கண்டது. சிகிச்சைக்காக நின்ற நேரம் முடிந்து, பேருந்து நிறுத்தத்திலும் வயலிலும் தானாக விழும் வெயிலும் கணக்கில் சேர்ந்துகொண்டது. ஆகவே குறித்த நிமிடங்கள் முடிந்ததும் தோலை மூட வேண்டும், முகத்தில் களிம்பு பூச வேண்டும், அன்று முழுவதும் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்ற விதிகள் உருவாயின. ஒரே நாளில், ஒரே முகத்துக்கு, வெயில் மருந்தாகவும் பின்னர் விலக்க வேண்டிய பொருளாகவும் ஆனது. பார்ப்பதற்கு முரணாகத் தோன்றும் இது உண்மையில் அளவு பற்றியது. எந்த மாத்திரையையும் இரண்டுக்குப் பதிலாக இருபது விழுங்கச் சொல்வதில்லை, வெயிலும் அப்படியே.

1997இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய புற ஊதா பி கதிரால் வெண்புள்ளியில் நிறம் திரும்புவதைக் காட்டினர். இதற்கு மாத்திரை தேவையில்லை. கதிரின் அளவை நொடிக்கணக்கில் கட்டுப்படுத்தவும் முடியும். வெயிலின் கைக்கு விட்டிருந்த அளவை விளக்கு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் வெளி வெயிலை முடிந்தவரை தடுப்பது என்ற அறிவுரை மேலும் உறுதியானது.

கார்போகரிசி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் அரைக்கும் குளியல் பொடியில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ ஆகியவற்றோடு இதுவும் சேர்வதுண்டு. தேய்த்துக் கழுவிவிடும் சிறிய அளவால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் மூலிகைதானே என்று விதையை அரைத்து வெண்புள்ளியில் பற்றுப் போட்டு வெயிலில் நிற்பது கடும் புண்ணில் முடியக்கூடும்.

வெயிலைத் தடுத்த பொருள்கள்

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் உண்டு என்பதை ஜெர்மன் அறிஞர் யோஹான் ரிட்டர் 1801இல் கண்டறிந்தார். 1820ஐ ஒட்டி இங்கிலாந்தில் எவரார்ட் ஹோம் என்ற மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரு கையைத் திறந்தும் மறு கையைக் கறுப்புத் துணியால் மூடியும் வெயிலில் வைத்தார். கறுப்புத் துணியின்கீழ் சூடு அதிகமாக இருந்தது; ஆனால் கொப்புளம் கண்டதோ திறந்த கையில். தோலைச் சுடுவது வெப்பம் மட்டுமன்று, கறுப்பு நிறம் ஒரு காப்பு என்று அவர் முடிவுக்கு வந்தார். பின்னாளில் 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எண்ணாகவே அளந்தனர். கறுப்பினத்தவர் மேல்தோலின் இயற்கைக் காப்பு 13.4 எனவும் வெள்ளையர் மேல்தோலின் காப்பு 3.4 எனவும் கணக்கிட்டனர். தமிழர் தோல் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வெண்புள்ளி உள்ள ஒரு தமிழரின் முகத்தில் காப்புள்ள தோலும் காப்பற்ற தோலும் ஒரு விரல் இடைவெளியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே வெயில் ஓரிடத்தைக் கறுக்கச் செய்யும், அடுத்த இடத்தைச் சிவந்து எரியச் செய்யும்.

1878இல் ஓட்டோ வீயெல் என்ற மருத்துவர் டானின் என்ற துவர்ப்புப் பொருளை வெயில் தடுப்பாகப் பயன்படுத்தலாம் என எழுதினார். தோலில் கறை படிந்ததால் அது வழக்கத்துக்கு வரவில்லை. தென்னிந்தியத் தோல் ஆலைகள் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட நெடுங்காலம் பயன்படுத்திய ஆவாரம்பட்டையில் இருப்பதும் டானின்தான். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இச்செய்தி சுவையாகத் தோன்றும்.

தோல் ஆலை என்றதும் மற்றொரு செய்தியும் நினைவுக்கு வர வேண்டும். 1939இல் அமெரிக்காவின் தோல் ஆலை ஒன்றில் தொழிலாளர்களின் கைகள் வெளுத்துப் போயின. ஆராய்ந்தபோது, அவர்கள் அணிந்த ரப்பர் கையுறையில் சேர்த்திருந்த ஹைட்ரோகுவினோன் வகை வேதிப்பொருளே காரணம் எனத் தெரிந்தது. நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையிலும் ரப்பர் செருப்பிலும் உள்ள சில வேதிப்பொருள்களால் தோல் வெளுப்பதை இந்தியத் தோல் மருத்துவர்களும் பதிவு செய்துள்ளனர். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெண்மை தோன்றினால் களிம்பைத் தேடுவதற்கு முன் பொட்டை நிறுத்துவதே முதல் வேலை.

இன்றைய களிம்புகளின் வரலாறு 1930களில் தொடங்குகிறது. பிரான்சில் லோரியால் நிறுவனத்தின் யூஜீன் ஷுவெல்லர் அக்காலத்தில் ஆம்ப்ர் சோலேர் என்ற எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரிய வேதியியல் மாணவர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938இல் ஆல்ப்ஸ் மலையில் பீஸ் புயின் சிகரம் ஏறியபோது வெயிலில் வெந்தார். 1946இல் பனியாற்றுக் களிம்பு என்ற பொருளை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் சிவப்பு வாசலினைப் பூசிக்கொண்டனர். இப்பொருள்கள் எவையும் வெண்புள்ளியை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. கடற்கரையில் படுத்திருக்கும் வெள்ளையர், மலையேறும் வெள்ளையர், போர்முனையில் நிற்கும் வெள்ளையர் ஆகியோரே இவற்றின் பயனாளர்கள்.

காப்பின் அளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் எண்ணைப் பரவலாக்கியதில் கிரைட்டருக்குப் பங்குண்டு. 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்முறையை ஏற்றது. எஸ்பிஎஃப் 30 என்றால் புற ஊதா பி கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காடும், 50 என்றால் 98 விழுக்காடும் தடுக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விளம்பரத்தில் தெரிகிற அளவுக்குப் பெரியதன்று. இந்த எண் பி கதிரை மட்டுமே பெரிதும் குறிக்கிறது. கண்ணாடியையும் ஊடுருவி வரும் ஏ கதிரையும் தடுக்கும் களிம்பே முழுமையானது.

களிம்புகளில் ஒரு வகை வேதிச் சேர்மங்களால் கதிரை உறிஞ்சும். மற்றொரு வகையில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு ஆகிய கனிமப் பொடிகள் இருக்கும். இவை தமிழ் மண்ணுக்கு அந்நியமானவை அல்ல. துத்தநாகத்தை நாகம் என்று குறிக்கும் சித்த மருத்துவத்தில் நாக பற்பம் பழமையான மருந்து. டைட்டானியத்தின் மூலமான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கப்படுகிறது.

சிவப்பழகின் அலமாரி

இந்தியக் கடைகளில் வெயில்தடுப்புப் பொருள் பெரும்பாலோர் கைக்கு வந்தது மருந்தாக அன்று. சிவப்பழகுக் களிம்பின் ஒரு கூறாக. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பில் நயாசினமைடு என்ற வைட்டமின் வகையோடு வெயில்தடுப்புப் பொருள்களும் இருந்தன. வெயிலில் கறுத்துவிடாமல் இருந்தால் வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும் என்பது அதன் விளம்பரங்கள் சொன்ன கதை. 2020இல் கடும் கண்டனங்களுக்குப் பின் அதன் பெயர் குளோ அண்ட் லவ்லி என மாற்றப்பட்டது.

கறுப்பாக இருப்பதைக் குறையாகவும் வெளுப்பதைப் பேறாகவும் விளம்பரம் செய்த அதே அலமாரியில்தான் வெளுத்துப் போனதால் வருந்துபவரும் தமக்கு வேண்டிய களிம்பைத் தேட வேண்டியிருந்தது. அவருக்கும் களிம்பு தேவை. ஆனால் வேறு காரணங்களுக்காக. முதலாவது, வெண்புள்ளி வெயிலில் எரிந்து புண்ணாகாமல் காப்பது. இரண்டாவது, அப்படி எரிந்த இடத்திலும் அதைச் சுற்றியும் புதிய வெண்புள்ளி தோன்றாமல் தடுப்பது. காயம் பட்ட இடத்தில் அதே நோய் தோன்றும் இயல்பை ஹைன்ரிக் கோப்னர் 1872இல் சொரியாசிஸ் நோயில் விவரித்தார். வெண்புள்ளிக்கும் அது பொருந்தும். மூன்றாவது, சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்துப் புள்ளியை மேலும் எடுத்துக்காட்டாமல் இருப்பது. மாநிறத் தோலில் இந்த மூன்றாவது காரணம் மிகவும் முக்கியம். கோடை முடிந்து பள்ளி திறக்கும்போது ஒரு மாணவியின் முகத்தில் புள்ளி பெரிதாகிவிட்டதாகத் தோன்றும். சில வேளைகளில் பெரிதாகியிருக்காது. சுற்றுத் தோல் கறுத்திருக்கும், அவ்வளவே.

புற்றுநோய் அச்சத்தையும் இங்கே சொல்லிவிடலாம். நிறமி இல்லாததால் வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வரும் என்று முன்பு எண்ணினர். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு அதற்கு மாறாக, அவர்களுக்கு அந்நோய் குறைவாக வருவதைக் காட்டியது. களிம்பை விற்பதற்காகப் புற்றுநோயைச் சொல்லி வெண்புள்ளி உள்ளவர்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. எரியாமல் இருப்பதே போதிய காரணம்.

திண்டுக்கல் வெயில்

திண்டுக்கல் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே மழை குறைந்த சமவெளி. 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சூரியனைப் பற்றிய ஆராய்ச்சியில் இம்மாவட்டத்துக்கு உலக அளவில் இடமுண்டு. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார்.

இப்பகுதி மக்கள் வெயிலை அளப்பது சூட்டால். கத்திரி வெயில் என்றால் குடை, மோர், நுங்கு. ஆனால் புற ஊதாக் கதிர் சூட்டைப் பின்பற்றுவதில்லை. சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பின்பற்றுகிறது. திண்டுக்கல்லில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று கம்பை நட்டுக் காட்டப்படுவது இதுவே. ஏப்ரலில் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். ஆகஸ்டிலோ ஆடிக்காற்றின் மிச்சம் வீசிக்கொண்டிருக்கும், மேகம் ஓடும், உடம்பு குளிரும். மெல்லிய மேகம் கதிரின் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். களிம்பைக் கோடைக்கு மட்டும் வாங்கி வைத்தவர்கள் ஏமாறும் மாதம் இது.

கொடைக்கானலும் அப்படியே. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கோடை விழாவுக்குப் போய்க் குளிரில் ஏரியைச் சுற்றி நடப்பவரின் முகத்தில், வானம் தெளிவாக இருந்தால், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிற்பதைவிடக் கூடுதலான கதிர் விழுகிறது.

தொழிலுக்குத் தொழில் வெயில் வேறுபடும். நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை மொட்டு விடியலில் பறிக்கப்படுகிறது. வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். வேடசந்தூர் நூற்பாலைகளிலும் சின்னாளப்பட்டித் தறிகளிலும் வேலை கூரைக்குள். வெங்காயக் காட்டில் களையெடுப்பவர், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்குபவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்குக் காலை 10 மணி முதல் 3 மணி வரை கூரை இல்லை. இவர்களிடம் களிம்பு இல்லாவிட்டாலும் ஒரு பழைய அறிவு உண்டு. சேலைமேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் சும்மாடு. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வேலை செய்யும் பெண் தன் முகத்துக்கு எந்தக் களிம்பையும்விட நல்ல காப்பைத் தருகிறார். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி வியர்வையில் கரைந்து போவதில்லை. முகத்தில் துணி மறைக்காத கண்ணோரம், மூக்கு, உதடு ஆகியவைதான் மிஞ்சும். வெண்புள்ளி முகத்தில் பெரும்பாலும் தோன்றுவதும் கண்ணையும் வாயையும் சுற்றித்தான்.

எப்போது காப்பு வேண்டும் என்பதற்குக் கருவி தேவையில்லை. தரையில் விழும் நிழல் ஆளின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையானது.

முகத்தில் பூசும் முறை

களிம்பின் எஸ்பிஎஃப் எண்ணை அளக்கும் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். முகத்துக்கு இது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு கிடைக்கும். பவுடர் போலக் கொஞ்சமாகத் தொட்டுப் பூசினால் அட்டையில் உள்ள எண் கிடைக்காது. வெளியே செல்ல 15 அல்லது 20 நிமிடங்களுக்கு முன் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்தால் உடனேயும் மீண்டும் பூச வேண்டும். காது மடலையும் உதட்டையும் பலர் மறந்துவிடுவர். வெண்புள்ளியில் மட்டும் பூசி மற்ற இடத்தை விட்டுவிடுவது பெரும் தவறு. சுற்றுத் தோல் கறுத்து வேறுபாடு கூடும் என்பதால் முகம் முழுவதும் பூசுவதே சரி.

ஒளிச் சிகிச்சை பெறுபவர்கள் களிம்பை எப்போது பூச வேண்டும், எப்போது பூசக் கூடாது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். கதிர் பட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே களிம்பைப் பூசிவிட்டால் சிகிச்சையின் பயன் போய்விடும். களிம்பு நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. காக்க மட்டுமே செய்யும். நிறம் திரும்பும் வாய்ப்பு முகத்தில் மற்ற இடங்களைவிட அதிகம். முகத்து மயிர்க்கால்களில் தங்கியுள்ள நிறமிச் செல்களே அதற்குக் காரணம். மயிர்க்கால் இல்லாத உதட்டில் அது கடினம்.

கனிமக் களிம்புகளில் ஒரு தொல்லை உண்டு. மாநிறத் தோலில் அவை சாம்பல் பூசியதுபோல வெள்ளையாகத் தெரியும். முகத்தின் வெண்மையால் வருந்துபவருக்கு மேலும் வெண்மையைப் பூசிக்கொள்ளச் சொல்வது நல்ல பரிகாரம் ஆகாது. இதற்காக இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறக் களிம்புகள் வந்துள்ளன. காவிக்கல்லுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியையும் தடுத்து, புள்ளியையும் ஓரளவு மறைக்கும்.

அழகுப் பொருளா, மருந்தா

ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிராம் என்றால் நாளுக்கு இருமுறை பூச இரண்டரை கிராம் செலவாகும். 50 கிராம் டியூப் 20 நாளில் தீரும். கழுத்தையும் காதையும் சேர்த்தால் இரண்டு வாரம். ஆண்டு முழுவதும் பூச வேண்டிய ஒருவருக்கு 18 முதல் 26 டியூப்கள் வரை தேவை. டியூப் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் என்று வைத்தாலே, தினக்கூலிக் குடும்பத்தில் இந்தக் கணக்கு நிற்காது. மருத்துவர் சரியாகத்தான் எழுதித் தருகிறார். டியூப் ஒரு மாதத்துக்கு வர வேண்டுமே என்று பாதி அளவு பூசப்படுகிறது. பாதி அளவுக்குப் பாதிக் காப்பும் கிடைப்பது அரிது.

இந்தியாவில் வெயில்தடுப்புக் களிம்பு பொதுவாக அழகுசாதனப் பொருளாகவே நடத்தப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில், தூய்மைக்கும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் பூசப்படுபவை அழகுசாதனப் பொருள்கள் எனப்படுகின்றன. வரிப் பட்டியலிலும் இக்களிம்பு உதட்டுச் சாயத்தோடும் முகப் பவுடரோடும் 3304 என்ற தலைப்பின்கீழ் வருகிறது. விடுமுறைக்குக் கடற்கரை செல்பவருக்கு இந்த வகைப்பாடு பொருந்தலாம். வெங்காயக் காட்டில் முகம் எரிய நிற்பவருக்கு அது பொருந்தவில்லை.

பிறப்பிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உடையவர்கள் மிகுதியாக உள்ள தான்சானியாவில் வேறு வழி தேடப்பட்டது. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் மோஷி நகர மருத்துவமனையை ஒட்டிய தோல் மருத்துவப் பயிற்சி மையத்தில், அந்நாட்டு வெப்பத்துக்கேற்ப கிளிசன் என்ற களிம்பு உள்ளூரிலேயே தயாரிக்கப்பட்டு, அல்பினிசம் உடையவர்களுக்கு மருத்துவ முகாம்கள் வழியாக இலவசமாக வழங்கப்படுகிறது. எவ்வளவு பூச வேண்டும் என்பதும் அம்முகாம்களிலேயே கற்பிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. அதற்கு முன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் திண்டுக்கல் மக்கள் பெரும்பாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கே சென்றனர். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. ஒளிச் சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, பல மாதங்கள் தொடர்ந்து வர வேண்டும். அந்த வருகைக்கான பேருந்துப் பயணமும் வெயிலில்தான்; சன்னலோரத்தில் அமர்ந்தால் கண்ணாடி வழியே ஏ கதிர் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்துகொண்டே வரும்.